காற்றைப் பார்த்துத் திரும்பும் சுக்கான்



நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், ஒருநாள் பௌதிக வகுப்பில் வேகங்களின் முக்கோணத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, இந்த முக்கோணத்தால் யாருக்கு என்ன பயன்?" என்று வினவினான். நான் சிறிதும் தயங்காமல், "உனக்குத் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். வினா நல்ல வினா. விடைதான் நல்ல ஆசிரியனுக்கு அழகாக அமையவில்லை. அந்தக் கடனை இன்று இவ்வானொலி வாயிலாகத் தீர்க்க முயல்கிறேன். இங்கே எனக்குக் கரும்பலகை இல்லை. ஆகவே கேட்டுக்கொண்டிருக்கும் நீங்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டால் நலம்.

பாய்மரப் படகு ஒன்று பெருங்கடலில் செல்கிறது. அதில் இருப்பவர் ஒரே ஒருவர். பாய்களை ஏற்றுவதும் இறக்குவதும், வரைபடத்தில் இடம் குறிப்பதும், சமைப்பதும் அவரே. சுக்கான் பிடிப்பவரும் அவரே. ஆனால் மனிதன் உறங்கவேண்டும் அன்றோ? அவர் உறங்கும்போது சுக்கானைப் பிடிப்பவர் யார்? தனியே கடலோடத் துணிந்த ஒவ்வொருவரையும் எதிர்கொண்ட முதல் வினா இது.

இதற்கு விடை கண்ட முன்னோடிகளுள் ஜோஷுவா ஸ்லோக்கம் குறிப்பிடத்தக்கவர். 1895ஆம் ஆண்டு பாஸ்டன் நகரிலிருந்து 'ஸ்ப்ரே' என்னும் படகில் புறப்பட்டு, 1898இல் திரும்பி, தனி ஒருவராக உலகைச் சுற்றிய முதல் மனிதர் என்னும் பெயர் பெற்றவர். அவரிடம் எந்தப் பொறியும் இல்லை. அவருடைய படகு நீண்ட அடிமரம் உடையது. பாய்களைத் தக்கவாறு இழுத்துக் கட்டிச் சுக்கானையும் ஒரு நிலையில் பிணைத்துவிட்டால், தானாகவே வழி பிறழாமல் ஓடும் இயல்பு அதற்கு இருந்தது. 1897இல் ஆஸ்திரேலியாவின் வடமுனையை அடுத்த வியாழன் தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை 2,700 மைல் தொலைவை 23 நாள்களில் கடந்தபோது, தாம் சுக்கானருகில் நின்ற நேரம் மொத்தம் மூன்று மணிக்கு மேற்படவில்லை என்று அவர் எழுதியிருக்கிறார். ஆனால் எல்லாப் படகுகளும் ஸ்ப்ரே ஆகிவிடா. விரைவாக ஓடுமாறு அமைக்கப்பட்ட பிற்காலப் படகுகள், சுக்கானை விட்ட சிறிது நேரத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வன.

இங்கே ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் கொள்ளவேண்டும். எஞ்சின் பூட்டிய கப்பலுக்குத் திசைதான் முதன்மை. வடக்கே போகவேண்டுமானால் காந்த ஊசியைப் பார்த்து வடக்கே ஓட்டலாம். காற்று எங்கிருந்து அடித்தால் என்ன? பாய்மரப் படகின் நிலை வேறு. அதன் உயிர் காற்று. காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் அதனால் ஓட இயலாது. அந்த எல்லைக்குள் மூக்கை நுழைத்தால் பாய் படபடத்துத் தளர்ந்துவிடும், படகு நின்றுவிடும். காற்று நேர்பின்னாக வந்தாலோ, பாயின் அடிக்கோல் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்கு வீசியடித்து, எதிர்ப்பட்டவரின் தலையை உடைக்கும்; சிலவேளை பாய்மரத்தையே முறிக்கும். ஆகவே பாய்மரப் படகோட்டி இடைவிடாது கவனிப்பது ஊசியின் எண்ணை மட்டும் அன்று. தன் படகுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள கோணத்தையும் அவர் கவனிக்கிறார். நம் முன்னோர் தென்றல், வாடை, கொண்டல், கோடை என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தனர். படகோட்டிக்கு அப்பெயர்களோடு இன்னொன்றும் வேண்டும்: 'என் படகின் முன்முனையிலிருந்து இத்தனை பாகை' என்னும் கணக்கு.

அப்படியானால், காற்றையே சுக்கான் பிடிக்கச் சொன்னால் என்ன? பொம்மைப் படகுப் போட்டிகளில் இந்த வழி முன்னரே கையாளப்பட்டது. பெருங்கடலில் இதற்குப் புகழ் தேடித் தந்தது 1960ஆம் ஆண்டில் நடந்த ஒரு பந்தயம். ஆங்கிலேயக் கடற்படைப் பிரிவில் பணியாற்றிய ஹேஸ்லர் என்னும் அதிகாரி, இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்திலிருந்து நியூயார்க் வரை அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியொருவராகக் கடக்கும் போட்டி ஒன்றை ஏற்பாடு செய்தார். பிரான்சிஸ் சிசெஸ்டர் அதில் கலந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 58. ஹேஸ்லருடைய 'ஜெஸ்டர்' 25 அடி நீளமுள்ள சிறு படகு. சிசெஸ்டருடைய 'ஜிப்ஸி மாத் மூன்று' அதனினும் பெரியது. சிசெஸ்டர் 40 நாள்களில் நியூயார்க்கை அடைந்தார். ஹேஸ்லர் 48 நாள்களில் அடைந்தார். இருவர் படகுகளிலும் காற்றே பெரும்பொழுது சுக்கான் பிடித்தது.

சிசெஸ்டர் தம் கருவிக்கு 'மிராண்டா' என்று பெயரிட்டிருந்தார். படகின் பின்புறத்தில் தனிக்கோல் ஒன்றில் நிற்கும் சிறு பாய் அது. நம் ஊர்க் கட்டடங்களின் உச்சியில் காற்று வீசும் திசையைக் காட்டும் சேவல் உருவத்தை நீங்கள் கண்டிருக்கலாம். அதைப்போல் மிராண்டாவும் காற்றுக்கேற்பத் திரும்பி நிற்கும். படகு ஓடவேண்டிய நிலைக்கு வந்ததும், அதைக் கயிறுகளால் சுக்கானின் கைப்பிடியோடு பிணைத்துவிடுவார். இனிப் படகு காற்றை நோக்கிச் சிறிது திரும்பினால், மிராண்டா கயிற்றை இழுத்து அதை மீட்கும். காற்றை விட்டு விலகினால் எதிர்ப்புறம் இழுக்கும்.

ஆனால் மெல்லிய காற்று வீசும்போது ஒரு சிறு பாய்க்குக் கனமான சுக்கானை அசைக்கும் வலிமை ஏது? இதற்கு ஹேஸ்லர் கண்ட வழி மிக அழகியது. பின்புறத்தில், நீருக்குள் நெட்டுக்குத்தாகத் தொங்கும் ஒரு மெல்லிய பலகையை அமைத்தார். காற்றுத் தகடு சுக்கானைத் தொடுவதே இல்லை. அந்தப் பலகையை அதன் அச்சில் சிறிதே திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். பலகை சாய்வாகத் திரும்பியவுடன், ஓடும் நீர் அதைப் பக்கவாட்டில் பலமாகத் தள்ளுகிறது. அது கடிகாரத்தின் ஊசல்போல் ஒருபுறம் வீசிச் செல்கிறது. அந்த வீச்சுக்குக் கட்டப்பட்ட கயிறு சுக்கானை இழுக்கிறது. அதாவது கட்டளை காற்றினுடையது, உழைப்பு நீரினுடையது. படகு எவ்வளவு விரைகிறதோ அவ்வளவு வலிமை தானாகக் கிடைக்கும். சிறு தார்க்கோலால் பெரிய காளையைத் திருப்பும் வண்டிக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மின்சாரமும் வேண்டா, எண்ணெயும் வேண்டா.

இனி, இக்காலத்து மின்னணுக் கருவிக்கு வருவோம். இதை ஆட்டோபைலட் என்று வழங்குகின்றனர். தானியங்கிச் சுக்கான் என்று நாம் சொல்லலாம். இதன் உறுப்புகள் நான்கு. முதலாவது, திசை அறியும் மின்னணு ஊசி. இரண்டாவது, பாய்மரத்தின் உச்சியில் சுழலும் சிறு கிண்ணங்களும் ஒரு தகடும். கிண்ணங்கள் காற்றின் வேகத்தையும் தகடு அதன் கோணத்தையும் அளக்கின்றன. மூன்றாவது, இவற்றைக் கொண்டு முடிவு செய்யும் கணிப்பொறி. நான்காவது, அம்முடிவின்படி சுக்கானைத் தள்ளும் கை; இது மின்விசையாலோ, எண்ணெயின் அழுத்தத்தாலோ இயங்கும். படகோட்டி ஒரு பொத்தானை அழுத்தினால், "இந்தத் திசையிலேயே போ" என்பது கட்டளை. மற்றொரு பொத்தானை அழுத்தினால், "காற்றோடு இந்தக் கோணத்திலேயே போ" என்பது கட்டளை. இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஒன்றல்ல என்பதை நான் எவ்வாறு கற்றேன் என்று பின்னர்ச் சொல்கிறேன்.

கணிப்பொறி முடிவு செய்யும் முறையிலும் ஒரு பாடம் இருக்கிறது. நிக்கோலஸ் மினோர்ஸ்கி என்னும் பொறியியல் அறிஞர், அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களைத் தாமாகவே ஓடச் செய்வது எப்படி என்று ஆராய்ந்து, 1922ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். தேர்ந்த சுக்கானியர் எப்படிக் கை அசைக்கின்றனர் என்பதை அவர் உற்று நோக்கினார். நல்ல சுக்கானி, கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்ப்பதில்லை. எவ்வளவு நேரமாக விலகியிருக்கிறது, இன்னும் எவ்வளவு விரைவாக விலகிக்கொண்டிருக்கிறது என்பவற்றையும் சேர்த்தே பார்க்கிறார். இம்மூன்றையும் கணக்கில் எழுதியதே அவருடைய சாதனை. இன்று ஆலைகளில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் காக்கும் எண்ணற்ற கருவிகள் இக்கணக்கைக் கொண்டே இயங்குகின்றன. உழைப்பாளியின் கைத்திறனைக் கூர்ந்து பார்த்ததிலிருந்து ஒரு விஞ்ஞானம் வளர்ந்தது என்பதை மாணவர்கள் மறவாதிருப்பீர்களாக.

இப்போது தாளையும் பென்சிலையும் எடுங்கள். காற்றே இல்லாத ஒரு நாளில் சைக்கிளில் விரைந்து சென்றாலும் முகத்தில் காற்று அடிக்கிறது. வலப்புறத்திலிருந்து காற்று வீசும்போது சைக்கிளில் விரைந்தால், அது வலப்புறமும் முன்புறமும் கலந்த ஒரு திசையிலிருந்து வருவதாகத் தோன்றும். படகிலும் இதுவே. நிலத்தில் நிற்பவர் உணரும் காற்று உண்மைக் காற்று; ஓடும் படகில் இருப்பவர் உணர்வது தோற்றக் காற்று.

படகு வடக்கு நோக்கி மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் ஓடுகிறது என்க. காற்று நேர்கிழக்கிலிருந்து மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் வீசுகிறது. ஆறு அங்குலத்துக்கு ஒரு கோடு, அதற்குச் செங்குத்தாகப் பத்து அங்குலத்துக்கு ஒரு கோடு வரைந்து, முனைகளை இணையுங்கள். தாள் சிறியதாயின் அளவைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். இணைத்த கோட்டின் நீளம் ஏறத்தாழ 11.7 வரும். படகில் உள்ளவர் உணரும் காற்றின் வேகம் அதுவே. அது வரும் கோணமோ 90 பாகை அன்று. ஏறத்தாழ 59 பாகை. உச்சியில் உள்ள தகடு காட்டுவதும் இந்த 59ஐத்தான். உண்மைக் காற்றை அறிய வேண்டுமானால், அடிப்பகுதியில் சுழலும் சிறு சக்கரம் ஒன்றைக் கொண்டு படகின் வேகத்தை அளந்து, இதே முக்கோணத்தைத் திரும்பத் தீர்க்கவேண்டும். கணிப்பொறி இதை ஒவ்வொரு விநாடியும் செய்துகொண்டே இருக்கிறது. அந்தச் சிறு சக்கரத்தில் பாசி படிந்து சுழற்சி குறைந்துவிட்டால், முக்கோணத்தின் ஒரு பக்கம் பொய்யாகும், விடையும் பொய்யாகும்.

தோற்றக் காற்றைப் பின்பற்றுவதா, உண்மைக் காற்றைப் பின்பற்றுவதா? காற்றை எதிர்த்து, எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கி ஓடும்போது, தோற்றக் காற்றே நல்ல வழிகாட்டி. ஏனெனில் பாயைத் தொடுவது அந்தக் காற்றுத்தான். காற்று சற்றே சாதகமாகத் திரும்பினால், கருவியும் படகைத் திருப்பி அந்த நன்மையை ஏற்றுக்கொள்ளும்; பாதகமாகத் திரும்பினால், பாய் தளர்ந்துவிடாமல் விலகிக்கொள்ளும். திசையை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் கருவியால் இது இயலாது.

காற்று பின்புறத்திலிருந்து வரும்போது கதை மாறிவிடுகிறது. உண்மைக் காற்று முன்முனையிலிருந்து 140 பாகையில், மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வருகிறது. படகின் வேகம் 7 என்க. கணக்கிட்டால் தோற்றக் காற்று ஏறத்தாழ 115 பாகையில் இருக்கும். கருவியிடம் "115ஐக் காப்பாற்று" என்று சொல்லிவிட்டோம். அப்போது ஒரு பேரலை பின்னிருந்து எழுந்து படகைத் தூக்கிச் சறுக்கவிடுகிறது. வேகம் 11 ஆகிறது. காற்று மாறவே இல்லை; ஆனால் தோற்றக் காற்றோ 93 பாகைக்கு முன்னேறி வந்துவிடுகிறது. கருவி, "காற்று முன்னே வந்துவிட்டது" என்று எண்ணி, 115ஐ மீட்பதற்காகப் படகைக் காற்றுக்கு முதுகு காட்டித் திருப்பும். அலை கடந்து வேகம் குறைந்தவுடன் காற்று நேர்பின்னை நெருங்கிவிடும். அடிக்கோல் மறுபுறம் வீசியடிக்கக்கூடும். ஆகவே பின்காற்றில் ஓடும்போது, முக்கோணத்தைத் தீர்த்து உண்மைக் காற்றைக் கண்டு, அதன்படி நடக்குமாறு கருவியைப் பணிப்பர். என் மாணவன் வினவிய பயன் இதுதான். அம்முக்கோணம் ஒரு மனிதனின் தலையைக் காக்கிறது.

மற்றொரு நுட்பமும் உண்டு. படகு அலையில் ஆடும்போது, 40 அடி உயரத்தில் உள்ள பாய்மர உச்சி பெரிதும் ஊசலாடும். அங்கிருக்கும் தகடு அவ்வாட்டத்தையும் காற்றென்றே காட்டும். ஒவ்வோர் அசைவுக்கும் சுக்கானைத் திருப்பினால், கருவி மின்கலத்தைக் காலி செய்து தானும் தேய்ந்துபோகும். எனவே அளவுகளைச் சிறிது நேரம் சேர்த்துச் சராசரி காண்கின்றனர். மிகுதியாகச் சராசரி கண்டாலோ, உண்மையான மாறுதலும் காலங்கடந்தே தெரியும். ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் திரும்பிப் பார்க்கும் ஆசிரியராலும் பாடம் நடத்த இயலாது. எதற்குமே திரும்பாத ஆசிரியராலும் வகுப்பைக் காக்க இயலாது. நடுவழியைப் பழக்கத்தால்தான் அறியவேண்டும்.

இனி, என் அனுபவத்தைச் சொல்கிறேன். அன்று பயன் என்ன என்று வினவிய அம்மாணவர் பின்னர் வணிகக் கப்பலில் அதிகாரியானார். நான் ஓய்வுபெற்ற பின் ஒரு விடுமுறையில் வந்து, "ஐயா, ஒருநாள் என்னோடு கடலுக்கு வாருங்கள்" என்று அழைத்தார். நண்பர் ஒருவருடைய 30 அடிப் பாய்மரப் படகில் நம் கிழக்குக் கடற்கரையிலிருந்து காலையில் புறப்பட்டோம். காற்று தெற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. கரையை விட்டு விலகும்படி கிழக்கும் வடகிழக்கும் கலந்த திசையில் ஓடினோம். கருவியில் காற்றின் கோணம் வலப்புறம் 120 என்று வைத்தார். பிறகு, "ஐயா, நான் உள்ளே போய் அறுந்த ஒரு கயிற்றைச் சரிசெய்துவிட்டு வருகிறேன். நீங்கள் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். நான் ஆசிரியன் அல்லவா? பொறுப்பை முழுமையாக ஏற்றுக்கொண்டேன். அந்த எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 118 என்று காட்டும், 121 என்று காட்டும், மீண்டும் 120க்கு வந்து நிற்கும். எனக்குப் பெருத்த மனநிறைவு.

முகத்தில் காற்று ஒரே சீராகப் பட்டது. பாய் புடைத்து நின்றது. படகு அசையாமல் இனிதாக ஓடியது. பாய்மரத்தின் நிழல் மட்டும், புறப்படும்போது படகின் பின்பக்கம் விழுந்தது, இப்போது இடப்பக்கம் விழுந்திருந்தது. 'பொழுது ஏறிவிட்டது போலும்' என்று எண்ணிக்கொண்டேன். அப்போது எங்கிருந்தோ ஒரு கூச்சல் கேட்டது. தலை நிமிர்ந்தேன். முன்னே நூறு கஜத்துக்குள் வலையின் மிதப்புகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு அப்பால் ஒரு சிறு படகில் முதிய மீனவர் ஒருவர் எழுந்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்து வீசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், நாங்கள் விட்டு வந்ததாக நான் எண்ணியிருந்த கரை, பச்சையாகத் தெரிந்தது.

என் மாணவர் மேலே பாய்ந்து வந்து, கருவியை விடுவித்துச் சுக்கானைப் பிடித்துத் திருப்பினார். வலைக்கு ஒரு பாய்மர நீளமே இடைவெளி இருந்தது. அம்முதியவர் எங்களைப் பார்த்துச் சில சொற்கள் சொன்னார். அவை எனக்குரியவை, ஆகவே நான் வருந்தவில்லை. அந்த வலை அவருடைய முதல். அவர் குடும்பத்தின் உணவு. என் கவனக்குறைவால் அது கிழிந்திருந்தால், எந்தக் கணிதத்தைச் சொல்லி நான் அதைத் தைத்துக் கொடுப்பேன்?

நடந்தது இதுதான். பொழுது ஏற ஏறக் கடற்காற்று எழுந்தது. தெற்கிலிருந்து வீசிய காற்று தென்கிழக்குக்கும், பின்னர் அதனினும் கிழக்குக்குமாகச் சிறுகச் சிறுகத் திரும்பியது. கருவியோ 120 என்னும் கோணத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்தது. ஆகவே காற்று திரும்பிய அளவு படகும் கரையை நோக்கித் திரும்பிவிட்டது. கோணம் மாறாததால் முகத்தில் பட்ட காற்றும் மாறவில்லை, பாயும் தளரவில்லை. நான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த எண், மாறக்கூடாது என்றே கட்டளையிடப்பட்ட எண். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததனால் எனக்கு எதுவும் தெரிய வழியில்லை. பக்கத்திலேயே காந்த ஊசி 60 பாகைக்குமேல் நகர்ந்திருந்தது; அதை நான் பார்க்கவில்லை. நிழல் சொன்னது, அதை நான் தவறாகப் படித்தேன்.

நான் குற்றவாளியைப்போல் நின்றேன். என் மாணவர் கோபிக்கவில்லை. "ஐயா, கருவி பிழை செய்யவில்லை. நாம் கேட்டதை அது கொடுத்தது. பிழை என்னுடையது. எந்த எண்ணைப் பார்க்கவேண்டும் என்று நான் உங்களிடம் சொல்லாமல் போய்விட்டேன்" என்றார். நான் பல்லாண்டு ஆசிரியனாக இருந்து, மாணவரிடம் அப்படிப் பேசியது எத்தனை முறை என்று அன்று எண்ணிப் பார்த்தேன்.

இது சிறு படகில் நடந்த சிறு நிகழ்ச்சி. பெருங்கடலில் இதன் அளவு பெரிது. படகோட்டி நான்கு மணி நேரம் உறங்குகிறார் என்க. படகின் வேகம் மணிக்கு 6 கடல் மைல். அந்நேரத்தில் 24 கடல் மைல் ஓடும். அவர் கண் மூடியவுடன் காற்று 20 பாகை திரும்பியிருந்தால், விழிக்கும்போது படகு வரவேண்டிய இடத்திலிருந்து ஏறத்தாழ 8 கடல் மைல் விலகியிருக்கும். நடுக்கடலில் இது பெரிய குற்றம் அன்று, விழித்ததும் திருத்திக்கொள்ளலாம். கரையோரத்தில் 8 கடல் மைல் என்பது பாறை. ஆதலால் அனுபவமுள்ளோர் கரையருகில் திசைக் கட்டளையையே நாடுகின்றனர், விழித்தும் இருக்கின்றனர். விரிகடலில் காற்றுக் கட்டளையை நாடும்போதும், காற்று திரும்பினால் ஒலியெழுப்பும் மணியை இயக்கி வைத்துக்கொண்டே உறங்குகின்றனர்.

கருவியே பழுதுபட்டால் என் செய்வது? அதற்கும் சான்றுகள் உள. சிசெஸ்டர் 1966இல், 'ஜிப்ஸி மாத் நான்கு' என்னும் படகில் பிளிமத்திலிருந்து சிட்னிக்குச் செல்கையில், சிட்னிக்கு இன்னும் ஏறத்தாழ 2,300 மைல் இருக்கும்போது காற்றுச் சுக்கான் முறிந்துபோயிற்று. அவர் ஒரு சிறு பாயை ஏற்றி, அதன் கயிற்றைக் கப்பிகள் வழியாகச் சுக்கானின் கைப்பிடிக்குக் கொண்டுவந்து, பாயின் இழுப்பே சுக்கானைத் திருப்புமாறு செய்தார். 107 நாள் பயணத்துக்குப் பின், டிசம்பர் 12ஆம் நாள் சிட்னியை அடைந்தார். மிராண்டாவின் தத்துவத்தை அவர் மனத்தில் அறிந்திருந்தார். ஆகவே பொருள் போனபின்பும் வழி போகவில்லை.

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 1968 ஜூன் 14ஆம் நாள் பால்மத்திலிருந்து புறப்பட்டு, எங்கும் நில்லாமல் தனியே உலகைச் சுற்றி, 1969 ஏப்ரல் 22ஆம் நாள் திரும்பினார். அச்செயலை முதன்முதலில் செய்தவர் அவரே. அவருடைய 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 32 அடிப் படகு என்பதில் நமக்கும் சிறிது பெருமை உண்டு. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே அவருடைய காற்றுச் சுக்கான் பயனற்றுப்போயிற்று. பசிபிக் பெருங்கடல் முழுவதும் அவருக்கு முன்னே கிடந்தது. பாய்களை ஒன்றுக்கொன்று சமன் செய்து, சுக்கானைப் பிணைத்து, ஸ்லோக்கம் செய்ததைப்போலவே படகைத் தானாக ஓடச் செய்து, 312 நாள்களில் பயணத்தை முடித்தார்.

அந்தப் பயணத்தின் நினைவாக நடத்தப்பெறும் 'கோல்டன் குளோப்' பந்தயத்தில் மின்னணுத் தானியங்கிச் சுக்கானுக்கு இடமில்லை. காற்றுத் தகடு மட்டுமே துணை. 2022 செப்டம்பரில் பிரான்சு நாட்டிலிருந்து தொடங்கிய அப்பந்தயத்தில், இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அபிலாஷ் டோமி, 236 நாள்களில் உலகைச் சுற்றி, 2023 ஏப்ரலில் இரண்டாமவராக வந்து சேர்ந்தார். 2018ஆம் ஆண்டுப் பந்தயத்தில் புயலில் பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு, மீட்கப்பட்டவர் அவர் என்பதையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள்.

மாணவியருக்கு ஒரு செய்தி. இந்தியக் கடற்படையின் 'தாரிணி' என்னும் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2ஆம் நாள் கோவாவிலிருந்து இரு பெண் அதிகாரிகள் புறப்பட்டனர். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா. மற்றவர் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா. இருவர் மட்டுமே அப்படகில். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாக்லாந்து தீவுகள், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களில் தங்கி, தென்னமெரிக்காவின் கொம்பு முனையையும் சுற்றிக்கொண்டு, 2025 மே 29ஆம் நாள் கோவா திரும்பினர். காற்றின் கோணமும் முக்கோணமும் ஆண்களுக்கு மட்டும் உரிய பாடம் என்று எவரேனும் சொன்னால், இப்பயணத்தை விடையாகக் கூறுங்கள்.

முடிவாக ஒன்று. உங்கள் காலம் தானியங்கிகளின் காலம். வழிகாட்டும் கருவி, கணக்கிடும் கருவி, எழுதிக் கொடுக்கும் கருவி என்று பலவும் உங்கள் கையில் உள்ளன. அவற்றை வேண்டாவென்று நான் கூறேன். ஹேஸ்லரும் சிசெஸ்டரும் அவ்வாறு கூறியிருந்தால் உறக்கமின்றியே மாண்டிருப்பர். கருவி நாம் இட்ட கட்டளையை நம்மினும் செவ்வையாக நிறைவேற்றும். அக்கட்டளை நாம் போகவேண்டிய இடத்துக்கு இன்னும் பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலை மட்டும் நம்மிடமே தங்கியிருக்கிறது. அதற்கு, மாறாத எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. மாறக்கூடிய எண்ணையும் பார்க்கவேண்டும். அவ்வப்போது தலை நிமிர்ந்து கடலையும் பார்க்கவேண்டும்.

அன்று மாலை கரை திரும்பியதும், என் மாணவரிடம், "தம்பி, அன்று வகுப்பில் நீ கேட்டதற்கு நான் சரியாக விடை சொல்லவில்லை" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "மதிப்பெண் கிடைத்துவிட்டது, ஐயா. மற்றதைக் கடல் சொல்லிக்கொடுத்தது" என்றார். உங்கள் வகுப்பில் எவரேனும் எழுந்து 'இதனால் என்ன பயன்?' என்று கேட்டால், சிரிக்காதீர்கள். ஆசிரியரும் நீங்களும் சேர்ந்து விடையைத் தேடுங்கள்.